தெளித்தால் எண்ணெய் காணாமல் போய்விடாது

'சிதறடிக்கும் ரசாயனம் தெளித்தால் கடலில் கொட்டிய எண்ணெய் கரைந்து இல்லாமல் போய்விடும்' என்று சொல்வது தவறு. கண்ணுக்கு மறைகிறது, அவ்வளவுதான். மேற்பரப்புப் படலம் 70 மைக்ரானுக்கும் (0.07 மி.மீ.) குறைவான துளிகளாக உடைந்து நீருக்குள் இறங்குகிறது. அதைத் தின்று தீர்க்க வேண்டியது பாக்டீரியா. அதற்கு வாரக்கணக்கில்கூட ஆகலாம். பறவைகளுக்கும் கரைக்கும் ஆபத்து குறையும், மீன்முட்டைகளும் குஞ்சுகளும் மாட்டிக்கொள்ளும். அதனால்தான் ஆழம் குறைந்த இடங்களிலும் பவளப்பாறை அருகிலும் பொதுவாகத் தெளிப்பதில்லை.

தெளித்தாலும் எப்போதும் பலிக்காது. வழக்கமான அளவு 20 பங்கு எண்ணெய்க்கு 1 பங்கு ரசாயனம். அலை வேண்டும், கடல் அசையாமல் கிடந்தால் ரசாயனம் வீண். தாமதித்தால் எண்ணெய் நீரை உள்வாங்கிக் குழம்பாகி 3, 4 மடங்கு பெருக்கும். பிறகு ரசாயனம் உள்ளே இறங்காது. பலர் கவனிக்காத இன்னொன்று: ரசாயனம் பட்ட எண்ணெய், நீர்மேல் மிதக்கும் எண்ணெயை வழித்தெடுக்கும் கருவியான ஸ்கிம்மரின் வட்டிலும் தூரிகையிலும் சரியாக ஒட்டாது. ஒரே எண்ணெய்த் திட்டில் தெளிப்பது, வழிப்பது இரண்டையும் செய்யப் போனால் இரண்டும் கெடும்.

1967-ல் டோரி கேன்யன் எண்ணெய்க் கப்பல் தரைதட்டியபோது, எண்ணெயைச் சிதறடிக்க இங்கிலாந்தின் கார்ன்வால் கரையில் கொட்டிய டிடர்ஜென்ட்கள், எண்ணெயைவிட அதிகமாகக் கரையோர உயிர்களைக் கொன்றன. இன்றைய ரசாயனங்களின் நச்சுத்தன்மை அவற்றைவிட மிகக் குறைவு என்பதையும் சொல்லிவிட வேண்டும்.