பிணைப்பை முறிக்க ஆற்றல் செலவாகும்

"வேதிப் பிணைப்பு முறியும்போது அதற்குள் அடைபட்ட ஆற்றல் வெளியேறுகிறது" என்று எழுதியிருக்கிறீர்கள். உண்மை இதற்கு நேர்மாறானது. அணுக்களைச் சேர்த்துப் பிடித்திருக்கும் எந்தப் பிணைப்பையும் முறிக்க ஆற்றலைக் கொடுத்தாக வேண்டும். புதிய பிணைப்பு உருவாகும்போதுதான் ஆற்றல் வெளிப்படும்.

ஹைட்ரஜன் எரிவதையே பாருங்கள். 2 மோல் (மூலக்கூறுகளை எண்ணும் அலகு) ஹைட்ரஜன் மூலக்கூறுகளையும் 1 மோல் ஆக்சிஜன் மூலக்கூறுகளையும் தனித்தனி அணுக்களாகப் பிரிக்க ஏறத்தாழ 1,370 கிலோஜூல் தேவை. அவை நீராவியாக இணையும்போது சுமார் 1,850 கிலோஜூல் வெளிவருகிறது. மிஞ்சும் 480 கிலோஜூல்தான் நாம் உணரும் வெப்பம். வெப்பத்தை அளக்கும் கருவியான கலோரிமீட்டர் இந்த நிகர அளவை மட்டுமே காட்டும். செலவையும் வரவையும் பிரித்துக் காட்டாது. குழப்பம் பிறப்பது பெரும்பாலும் அங்கேதான். தயவுசெய்து அந்த வரியைத் திருத்திவிடுங்கள், மாணவர்கள் அப்படியே மனப்பாடம் செய்துவிடுவார்கள்.