வாள் முதலில் கேட்கட்டும்

பகடை உருட்டிக் கற்பனைப் பாத்திரங்களாக நடித்து ஆடும் டன்ஜியன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டத்தில் சுயபுத்தி உள்ள ஆயுதம் ஒன்று வீரரின் கைக்கு வரும்போது, ஆட்டத்தை நடத்தும் டன்ஜியன் மாஸ்டர்கள் பலர் அதை ஒரு தண்டனையாகவே பயன்படுத்துகிறார்கள் என்பது என் நெடுநாள் வருத்தம். 1974-இல் வந்த முதல் விதிநூல்களிலேயே மந்திர வாள்களுக்கு அறிவும் அகந்தையும் எண்களாகக் குறிக்கப்பட்டிருந்தன. வாளுக்கும் அதை ஏந்துபவருக்கும் இடையிலான பிணக்கு இந்த ஆட்டத்துடனேயே பிறந்தது.

நான் கலந்துகொண்ட ஓர் ஆட்டத்தில், நண்பர் ஒருவரின் வீராங்கனையிடம் பிளாக்ரேஸர் இருந்தது. 1979-ஆம் ஆண்டின் 'வைட் ப்ளூம் மவுண்டன்' என்ற சாகசக் கதையில் அறிமுகமான அந்த வாள் ஆன்மாக்களை உண்பது. மூன்று நாள் பட்டினி கிடந்தால் அடுத்த அந்தியில் ஏந்துபவருடன் மோதும். அந்தி வந்ததும் மாஸ்டர், "பகடையை உருட்டுங்கள்" என்றார். 7 விழுந்தது. அடுத்த நொடியே, தான் காப்பாற்றி அழைத்துவந்த சிறுவனை அவள் வெட்டிவிட்டதாக அறிவித்தார். நண்பர் பகடைகளைத் துணிப்பையில் போட்டு நாடாவை இறுக்கி முடிச்சிட்டார். அன்றிரவு அதை அவர் அவிழ்க்கவே இல்லை.

2014-ஆம் ஆண்டு விதிநூல் இப்படி நடத்தச் சொல்லவில்லை. முதலில் ஆயுதமும் ஏந்துபவரும் கரிஷ்மா எனும் ஆளுமைத் திறனை வைத்துப் பகடை உருட்டி மோத வேண்டும். ஆயுதம் வென்றால் அது தன் கோரிக்கையை வைக்கும். அதையும் ஏந்துபவர் மறுத்தால்தான், தன் ஆற்றல்களை முடக்கவோ அவரை வசப்படுத்தவோ அது முயலலாம். பிளாக்ரேஸரின் பிடியிலிருந்து தப்பப் பகடையை உருட்டிக் குறைந்தது 16 எடுக்க வேண்டும். தவறினால் பன்னிரண்டு முகப் பகடை காட்டும் மணி நேரம் அதன் சொற்படி நடக்க வேண்டும். இத்தனை படிகளையும் தாண்டிக் கடைசிப் படிக்கு நேரே குதிக்கும் மாஸ்டர், ஆட்டக்காரரிடமிருந்து மறுக்கும் உரிமையைப் பறிப்பதோடு, வாளிடமிருந்து பேச்சையும் பறித்துவிடுகிறார்.

அந்த வாளுக்குப் பேச எவ்வளவோ இருக்கிறது. அனைத்தும் சூனியத்தில் தோன்றிச் சூனியத்துக்கே திரும்பும் என நம்பும் அது, அதே சாகசத்தின் மற்ற இரு ஆயுதங்களான வேவ் என்ற திரிசூலத்திடமும் வெல்ம் என்ற போர்ச் சம்மட்டியிடமும் விளங்காத ஓர் உறவை உணர்கிறது. வெல்மின் கொள்கை அதற்கு அறவே ஆகாது, வேவ் அதற்குச் சலிப்பூட்டும். ஆயினும் மூன்றும் ஒரே போரில் மீண்டும் சேர வேண்டும் என ஏங்குகிறது. (ஏந்துபவரைப் பகல் வானத்தின் கீழ் நிற்கவே அஞ்சவைக்கும் வெல்மைப் பற்றித் தனியாகவே எழுதலாம்.)

பின்னர் நான் மாஸ்டராக இருந்தபோது, பிளாக்ரேஸரின் குரலைப் பக்கத்தில் இருந்த இன்னோர் ஆட்டக்காரரிடம் ஒப்படைத்தேன். மூன்றாம் நாள் அந்தியில் மோதலில் வென்ற வாள், ஆன்மா எதையும் கேட்கவில்லை. "வெல்ம் எங்கே இருக்கிறதோ, அங்கே என்னைக் கொண்டுபோ" என்றது. ஏந்தியிருந்த பெண் மறுக்கவும் இல்லை, ஒப்பவும் இல்லை, "அதை நீ வெறுக்கிறாயே, பிறகு ஏன்?" என்று கேட்டாள். அதன் பிறகு முக்கால் மணி நேரம் அவர்கள் இருவர் மட்டுமே பேசினார்கள்; நான் பகடையைத் தொடவில்லை.