காலரை வெட்டிய பேராயர்

இங்கிலாந்துத் திருச்சபையின் ஓய்வுபெற்ற யார்க் பேராயர் ஜான் சென்டாமு பற்றி நான் படித்த ஒரு கட்டுரை, 2007இல் டிவி நேரலையில் அவர் தன் பாதிரியார் காலரைக் கத்தரித்ததை ஒரே வரியில் தாண்டிப் போகிறது. சும்மா விளம்பரம் என்று நினைப்பவர்களுக்குச் சொல்கிறேன், உகாண்டாவில் நீதிபதியாக இருந்து, இடி அமீன் ஆட்சியில் சிறைப்பட்டு, 1974இல் இங்கிலாந்து வந்தவர் அவர், சர்வாதிகாரம் பற்றி யாரும் அவருக்குப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஜிம்பாப்வேயின் சர்வாதிகார அதிபர் ராபர்ட் முகாபே பதவியிலிருந்து போகும்வரை காலர் போடமாட்டேன் என்றார், போடவில்லை. 2017இல் முகாபே விலகியதும்தான் புதுக் காலர். பத்து வருடம், சரியான பிடிவாதக்காரர்!

அப்புறம், லண்டனில் இனவெறியால் கொல்லப்பட்ட கறுப்பின இளைஞர் ஸ்டீபன் லாரன்ஸ் கொலை வழக்கு விசாரணைக் குழுவில் அவர் ஆலோசகராக இருந்தது கட்டுரையில் எங்கே? ஒரு பாலியல் புகாரில் அவர் சரியாக நடவடிக்கை எடுக்கவில்லை என்று 2023இல் அறிக்கை வந்ததும், அதை அவர் மறுத்ததும்கூட இல்லையே.