அந்தச் சாவு எந்த ஊர்க் கணக்கு?

டவுன்காரர்களுக்கு ஆயுசு கெட்டி என்று போன வாரம் ஒரு கல்யாணப் பந்தியில் பேச்சு ஓடியது. அரசுப் புள்ளிவிவரமும் அப்படித்தான் சொல்கிறது. 2020 கணக்குப்படி இந்தியாவில் ஆயிரம் பேருக்கு ஓராண்டில் கிராமத்தில் 6.4 சாவு, நகரத்தில் 5.1. ஒரு வயதுக்குள் இறக்கும் குழந்தைகள், பிறந்த ஆயிரத்துக்குக் கிராமத்தில் 31, நகரத்தில் 19.

குழந்தைக் கணக்கில் எனக்குத் தகராறு இல்லை. பிரசவ வலி வந்தவளைக் கால் மணி நேரத்தில் ஆஸ்பத்திரி சேர்த்தால் ரெண்டு உயிரும் பிழைக்கும். மற்ற கணக்கில்தான் இடிக்கிறது.

திருப்பூரில் பனியன் கம்பெனியில் என்னோடு ஓவர்லாக் தையல் மெஷின் ஓட்டினார் ஒருவர். தாராபுரம் பக்கம். லைன் வீட்டில் பத்துக்குப் பத்து அறை, நாலு பேர், ஒரு ஜன்னல். இருமல் பிடித்தபோது மூன்று மாதம் மருந்துக்கடை மாத்திரையிலேயே ஓட்டினார். லீவு போட்டால் வாரச் சம்பளத்தில் துண்டு விழுமே. காசநோய் என்று தெரிந்தபோது எழுந்து நடக்க முடியவில்லை, ஊருக்குப் போய்விட்டார். ஆறு மாதத்தில் அங்கேயே இறந்தார். சாவு கிராமத்தில் ஏறியது. வியாதி எங்கே ஏறியது? இருபது வயதில் வருகிறவனை வைத்துக்கொண்டு, முடியாதவனைத் திருப்பி அனுப்பினால் எந்த ஊரிலும் சாவு குறைவாகத்தான் இருக்கும்.

நகரம் தன் சாவைத் தானே சுமந்த காலமும் உண்டு. 1842-ல் இங்கிலாந்தில் சாட்விக் என்ற அதிகாரி எழுதிய சுகாதார அறிக்கையில், மான்செஸ்டர் தொழிலாளிக் குடும்பங்களில் இறந்தவர்களின் சராசரி வயது 17. ரட்லண்ட் நாட்டுப்புறத்தில் அதே மாதிரிக் கூலிக்காரர்களுக்கு 38. நம் பக்கம் பிளேக் வந்த கதையைச் சொல்ல, கோவையில் இன்னமும் பிளேக் மாரியம்மன் கோயில்கள் இருக்கின்றன. அப்புறம் குழாய்த் தண்ணீரும் மூடிய சாக்கடையும் வந்த ஊர்களில்தான் நிலைமை மாறியது. ஊர் பெருத்ததால் அல்ல.

நொய்யல் ஆறும் இதே கதைதான். பாசனத்துக்கென்று ஒரத்துப்பாளையத்தில் அணை கட்டினார்கள்; தேங்கியது திருப்பூரின் உப்பேறிய சாயத்தண்ணீர். 2011-ல் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லும் வரைக்கும் கீழே இருந்த தோட்டக்காரர்தான் அதை வாங்கிக்கொண்டார். பனியன் எங்களுக்கு, உப்பு அவருக்கு.

அரசு ஆட்கள் வீடு தேடி வந்து பிரஷர், சுகர் பார்க்கிறார்கள், நல்ல திட்டம். ஆனால் காலை பத்து மணிக்கு லைன் வீட்டுக் கதவைத் தட்டினால் பூட்டுத்தான் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வாங்க. அன்றைக்குத்தான் ஆள் இருப்பார்கள். சளியையும் எடுத்துப் பாருங்கள்.