தோரா வாசிப்புக் குறிகள் ஸ்வரக் குறிப்பு அல்ல

யூதர்கள் தங்கள் வேதத்தின் முதல் ஐந்து நூல்களான தோராவை ஜெப ஆலயத்தில் ராகமாக வாசிக்க உதவும் குறிகளை, அவற்றைப் பற்றிய ஒரு கட்டுரை 'ஸ்வரக் குறிப்பு' என்கிறது. அது பொருந்தாது. ஒரு குறி தனி ஸ்வரத்தைச் சொல்வதில்லை, ஒரு சிறு இசைத்துணுக்கை நினைவூட்டுகிறது. அதே குறியை ஏமன் யூதர் ஒருவிதமாகவும் அஷ்கெனாசி (மத்திய, கிழக்கு ஐரோப்பிய வழிவந்த) யூதர் வேறுவிதமாகவும் பாடுவர். ஒரே சமூகத்துக்குள்ளும் தோரா, தீர்க்கதரிசிகள், எஸ்தர், புலம்பல் என ஒவ்வொரு வேதநூலுக்கும் மெட்டு மாறும்.

மெட்டைவிட முக்கியம் வசனப் பிரிப்பு. 'எத்னக்தா' என்ற குறி வசனத்தை இரண்டாகப் பிரிக்கும். முதலில் அதைக் கண்டுபிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

ஜெப ஆலயத்தில் வாசிக்கும் தோராச் சுருளில் இந்தக் குறிகளும் இல்லை, எபிரேய எழுத்துகளின் உயிரொலியைக் காட்டும் உயிர்க்குறிகளும் இல்லை. எனவே 'திக்குன்' என்ற அச்சுநூலில் பயிற்சி செய்வார்கள்: ஒரு பத்தி குறிகளோடு, பக்கத்துப் பத்தி சுருளில் உள்ளபடி. குறியுள்ள பத்தியை மூடிக்கொண்டு தடுமாறாமல் வாசிக்கும்வரை விடக் கூடாது. ஒலிப்பதிவைக் கேட்டு மட்டும் மனப்பாடம் செய்பவர்கள் அடுத்த வாரப் பகுதிக்கு மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்க வேண்டும்.

புதியவர்கள் சறுக்குமிடம் அழுத்தம். பெரும்பாலான குறிகள் அழுத்தம் விழும் அசையிலேயே இருக்கும். ஆனால் 'பஷ்தா' என்ற குறி எப்போதும் சொல்லின் கடைசி எழுத்தில் வரும். அழுத்தம் முன்னால் விழுந்தால் அங்கே இரண்டாவது பஷ்தா போட்டிருப்பார்கள், அதைத்தான் பார்க்க வேண்டும். அழுத்தம் இடம் மாறினால் வினைச்சொல்லின் காலமே மாறலாம்: ஆதியாகமம் 29:6-இல் ராகேல் 'வருகிறாள்', 29:9-இல் 'வந்தாள்', இரண்டிலும் எபிரேய எழுத்துகள் ஒன்றே. பொருள் மாறும் பிழையைத் திருத்தி மறுபடி வாசிக்கச் சொல்வார்கள், மெட்டு மட்டும் பிசகினால் விட்டுவிடுவார்கள்.

நீண்டு அலையும் மெட்டுடைய 'ஷல்ஷெலெத்' என்ற குறியைப் பற்றிக் கட்டுரை ஏனோ பேசவில்லை. தோரா முழுவதிலும் அது 4 இடங்களில்தான் வருகிறது.