கீமோ கலக்கும் சிஸ்டருக்கும் உடம்பு ஒன்றுதான்

கீமோ வார்டில் வேலை பார்த்தவள் என்ற உரிமையில் இதை எழுதுகிறேன். புற்றுநோய் சிகிச்சை என்றால் முடி கொட்டுவது, வாந்தி, செலவு எல்லாம் பேசுகிறோம். அந்த மருந்தைக் குப்பியிலிருந்து உறிஞ்சி, சலைனில் கலந்து, ஏற்றி, காலி பாட்டிலை அப்புறப்படுத்துகிறவர்களைப் பற்றிப் பேச்சே வருவதில்லை.

சைக்ளோபாஸ்பமைடு என்ற மருந்தை எடுத்துக்கொள்ளுங்கள். மார்பகப் புற்றுநோய், லிம்போமா என்கிற நிணநீர்ப் புற்றுநோய் என்று பலவற்றுக்கும் கொடுக்கிறோம். இதன் பூர்வீகம் முதல் உலகப் போரில் வீசப்பட்ட கடுகு வாயு. அதன் உறவான நைட்ரஜன் மஸ்டர்டை 1942-ல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் ஒரு லிம்போமா நோயாளிக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். இன்றைய கீமோவின் ஆரம்பம் அங்கேதான். அதே குடும்பத்தில் பின்னால் பிறந்தது சைக்ளோபாஸ்பமைடு.

உடம்புக்குள் போனதும் கல்லீரல் இதற்கு வீரியம் ஏற்றுகிறது. பிறகு அது டிஎன்ஏவின் இரண்டு இழைகளையும் சேர்த்துப் பூட்டிவிடுகிறது. இழை பிரியாமல் செல் இரண்டாக முடியாது, செத்துப்போகிறது. புற்றுநோய் செல் ஓயாமல் பெருகுவது, சேதமான டிஎன்ஏவைப் பழுதுபார்க்கும் ஏற்பாடு அதில் பல நேரம் கெட்டுப்போயிருக்கிறது. அதனால் அடி அதற்குத்தான் அதிகம். ஆனால் எது நல்ல செல், எது கெட்ட செல் என்று மருந்துக்குத் தெரியாது. எலும்பு மஜ்ஜை, முடியின் வேர், குடலின் உள்சுவர், வயிற்றில் வளரும் கரு, எல்லாமே வேகமாகப் பெருகும் செல்கள்தான். சாகாமல் தப்பிய நல்ல செல்லின் டிஎன்ஏ தப்பும் தவறுமாக ஒட்டிக்கொண்டால், வருடங்கள் கழித்து அதுவே ரத்தப் புற்றுநோயாக மாறலாம். இத்தனை உயிர்களைக் காப்பாற்றும் இந்த மருந்து, உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு வெளியிடும் பட்டியலில், மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவை என்று உறுதியான முதல் பிரிவில்தான் இருக்கிறது.

நோயாளி இந்த ஆபத்தைத் தெரிந்தே ஏற்கிறார், பதிலுக்கு உயிர் கிடைக்கிறது. கலக்கிக் கொடுக்கும் சிஸ்டருக்கு என்ன கிடைக்கிறது?

1979-லேயே பின்லாந்து ஆய்வாளர்கள் கீமோ மருந்தைக் கையாளும் செவிலியரின் சிறுநீரைச் சோதித்தார்கள். பாக்டீரியாவின் மரபணுவை மாற்றும் தன்மை அதில் கூடியிருந்தது, மருந்து அவர்கள் உடம்புக்குள் போயிருக்கிறது என்பதற்கு அது அடையாளம். 1985-ல் அதே நாட்டில் 17 மருத்துவமனைகளின் செவிலியரிடம் நடந்த ஆய்வில், கர்ப்பத்தின் முதல் மூன்று மாதங்களில் இந்த மருந்துகளோடு வேலை பார்ப்பதற்கும் கரு கலைவதற்கும் தொடர்பு இருப்பது தெரிந்தது. இதைப் படித்தபோது என்னோடு வேலை பார்த்த சிலரின் முகம் நினைவுக்கு வந்தது. அவர்களுக்கு நேர்ந்தது இதனால்தான் என்று என்னால் சொல்ல முடியாது. யாரும் அவர்களிடம் இந்தக் கேள்வியைக் கேட்கவே இல்லை என்பதுதான் என் ஆத்திரம்.

எனக்கு மிக முக்கியமாகப் படுவது 1982-ல் அமெரிக்காவில் நடந்த ஆய்வு. மருந்தில் கிருமி படக்கூடாது என்று அப்போது சுத்தமான காற்று வீசும் பெட்டிக்குள் வைத்துக் கலப்பார்கள். அந்தக் காற்று பின்பக்கமிருந்து நேராகக் கலக்குகிறவரின் முகத்துக்கு வரும். மருந்து சுத்தமாக இருந்தது, ஆள் அதைச் சுவாசித்தார். காற்று மேலிருந்து கீழே இறங்கும் பெட்டிக்கு மாறியதும், கலக்குகிறவர்களின் சிறுநீரில் தெரிந்த, மரபணுவை மாற்றும் அந்தத் தன்மை குறைந்தது. "கவனமாக இரும்மா" என்று சொல்லிக் காப்பாற்றவில்லை, காற்றின் திசையை மாற்றித்தான் காப்பாற்றினார்கள்.

நம் ஊரில் பல இடங்களில் இன்னும் கவனம் ஒன்றுதான் பாதுகாப்பு. நான் வேலை பார்த்த ஒரு இடத்தில் வார்டு மூலையில், சாதாரண மேஜையில்தான் கலப்போம். ஒரு ஜோடி கையுறை, ஒரு துணி மாஸ்க். குப்பிக்குள் சலைனை ஏற்றினால் உள்ளே அழுத்தம் கூடும். ஊசியை உருவும் அந்த நொடியில் ரப்பர் மூடியிலிருந்து பனி மாதிரி ஒரு சிதறல் கிளம்பும். டாக்ஸோரூபிசின் என்ற இன்னொரு கீமோ மருந்து சிவப்பு, அதனால் மேஜையில் விழுந்த சொட்டு கண்ணில் படும், துடைப்போம். சைக்ளோபாஸ்பமைடுக்கு நிறமே கிடையாது. விழுந்ததும் தெரியாது, அதே மேஜையில் சாப்பாட்டு டப்பாவை வைத்ததும் தெரியாது.

மேலிருந்து காற்று இறங்கும் பெட்டி, மருந்து வெளியே கசியாத மூடிய இணைப்பு, இரட்டைக் கையுறை, நீர் ஊறாத கவுன், கொட்டினால் துடைக்கத் தனிப் பை, இவையெல்லாம் கீமோ கொடுக்கும் ஒவ்வொரு மருத்துவமனைக்கும் கட்டாயமாக வேண்டும். கர்ப்பமாக இருப்பவரும், குழந்தைக்குத் திட்டமிடுபவரும் வேறு பணி கேட்டால் காரணம் கேட்காமல் மாற்றிக் கொடுக்க வேண்டும். செலவாகும், சரி. நோயாளிக்குப் போடும் பில்லில் ஆயிரம் செலவுகளுக்கு இடம் இருக்கிறதே.

இன்னொரு கூட்டத்தைப் பற்றி யாருமே பேசுவதில்லை. கீமோ முடிந்து குறைந்தது 48 மணி நேரம் நோயாளியின் சிறுநீரிலும் வாந்தியிலும் மருந்து இருக்கலாம் என்றுதான் எங்களுக்குச் சொல்லித் தந்தார்கள். பெட்பேன் எடுக்கிற ஆயாவுக்கு, படுக்கை விரிப்பை அலசுகிறவருக்கு, கழிவறை கழுவுகிற ஒப்பந்தப் பணியாளருக்கு அதை யார் சொல்வது? செவிலியருக்காவது சங்கம் இருக்கிறது.

வீட்டில் பார்த்துக்கொள்கிறவர்களும் பயப்பட வேண்டாம். நோயாளியைத் தொடலாம், கட்டிக்கொள்ளலாம், பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடலாம். அந்த இரண்டு நாளும் கழிவறையை மூடி போட்டு இரண்டு முறை ஃப்ளஷ் செய்யுங்கள். வாந்தியையும் அழுக்குத் துணியையும் கையுறை போட்டு எடுங்கள், துணியைத் தனியாகத் துவையுங்கள். கீமோ மாத்திரை என்றால் நீங்களாகப் பொடித்துக் கரைத்துக் கொடுக்காதீர்கள். விழுங்க முடியவில்லை என்றால் டாக்டரிடம் வேறு வழி கேளுங்கள். அடுத்த முறை வார்டுக்குப் போகும்போது, மருந்தை எங்கே வைத்துக் கலக்கிறார்கள் என்று நிர்வாகத்திடம் ஒரு வார்த்தை கேளுங்கள். சிஸ்டர்கள் கேட்டால் வாயை மூடச் சொல்வார்கள், நீங்கள் கேட்டால் பதில் சொல்லியாக வேண்டும்.