பாலு மகேந்திரா கிளிநொச்சிக்காரர் அல்ல

"பாலு மகேந்திரா எங்கட கிளிநொச்சி மண்ணின் மைந்தன், 'மூன்றாம் பிறை'க்குச் சிறந்த இயக்குநருக்கான தேசிய விருது வாங்கியவர்" என்று தம்பி மேலே பகிர்ந்த படத்தில் எழுதியிருக்கிறது. பின்னால் கிளிநொச்சி இரணைமடுக் குளக்கட்டையும் ஒட்டிவிட்டிருக்கிறார்கள், பார்க்கிறவன் நம்பத்தானே செய்வான்! ஆனால் இரண்டுமே பிழை.

அவர் 1939இல் பிறந்தது மட்டக்களப்பு அமிர்தகழியில். அந்தத் தேசிய விருதும் ஒளிப்பதிவுக்குத்தான். படத்தை இயக்கியவரும் அவரே என்பதால் குழம்பியிருக்கலாம். சிறந்த நடிகர் விருது கமலுக்குக் கிடைத்தது, அது சரி.

ஆள் அடிப்படையில் கமராக்காரர். பூனா திரைப்படக் கல்லூரியில் ஒளிப்பதிவு படித்து, மலையாள 'நெல்லு' (1974) மூலம் வந்தவர். 'கோகிலா' (1977) இயக்கியது அதற்கு அப்புறம்தான். 'மூன்றாம் பிறை' கடைசியில், ரயில் நிலையத்தில் சேறும் மழையுமாகக் கமல் குட்டிக்கரணம் அடிக்கிற இடத்தை இன்னொரு தரம் போட்டுப் பாருங்கள். அந்த மங்கல் வெளிச்சத்துக்கே விருது கொடுக்கலாம்.

படத்தை அழிக்க வேண்டாம் தம்பி, எழுத்தை மட்டும் திருத்திப் போடு. மல்லாவி, முள்ளியவளை வாட்ஸ்அப் குழுக்கள் வரைக்கும் போய்விட்டது.